மைனஸ் பதினொன்று

ஷெரிஃப் அலுவலகத்தில் ஃபோன் அடித்தது.

காலை பத்தேகால். டெபுடி லைல் ஹேக்கர் பன் மாதிரியான பிஸ்கட்டைக் கிரேவியில் தோய்த்துக்கொண்டே ரிசீவரை எடுத்தான்.

"லைல், நான் வெர்னா ஸ்டோக்ஸ் பேசறேன்."

"சொல்லுங்க, மிஸ் வெர்னா."

"என் வீட்டுக்காரர் ஏப்ரல் இருபதாம் தேதி சாகலை."

பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"உயிரோட இருக்கார்ங்கறீங்களா?"

"இல்லை. அதுக்கு முன்னாடியே செத்துட்டார்."

டெல்பர்ட் ஸ்டோக்ஸ். ஹாலர்ட் ஏரியில் இருபத்திரண்டு வருடமாக, தூண்டிலோடு வருகிறவர்களை மீன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகிறவர்.

போன ஏப்ரல் இருபதாம் தேதி புயல். அன்று மாலை அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்தது. கண்டுபிடித்தது லைல்தான். கவுண்டி போலீஸில் தண்ணீருக்கடியில் இறங்கித் தேடத் தெரிந்த ஒரே டெபுடி அவன். பத்து நாள் மூழ்கித் தேடினான்.

உடல் கிடைக்கவில்லை.

மே மாதம் வெறும் பெட்டியைப் புதைத்தார்கள்.

அன்றிலிருந்து வெர்னாவுக்கு ஒரு தொல்லை. காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். சமையலறையில் ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல், ஏரியின் நீர்மட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கும். டெல்பர்ட் தினமும் கேட்ட குரல்.

எழுந்து போய்ப் பார்ப்பாள்.

சமையலறையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அரை மணி நேரத்தில் வெர்னா லைலின் மேஜைக்கு எதிரில் இருந்தாள். செல்ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"என்ன இது?"

"அவர் படகோட ஃபிஷ் ஃபைண்டர். தண்ணிக்கடியில என்ன இருக்கு, எத்தனை ஆழம்னு காட்டற மிஷின். ஒன்பது மாசமா தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. நேத்துதான் ஆன் பண்ணேன். நீர்மட்டம்னு இருக்கற இடத்துல பார்."

மைனஸ் 11.

"இருந்துட்டுப் போகட்டுமே..."

"அதுல இருக்கற மேப், ஏரி தளும்பி நின்னப்போ வரைஞ்சது, லைல். தண்ணி இறங்கினா அதுக்குத் தெரியாது. எத்தனை அடி இறங்கிருக்குன்னு நாமதான் சொல்லணும். சொன்னா எல்லா ஆழத்துலயும் அவ்வளவு கழிச்சுக் காட்டும். டெல்பர்ட் தினம் காலையில அணைக்கட்டுக்கு ஃபோன் பண்ணி, மட்டம் கேட்டு, அதைப் போட்டுட்டுத்தான் கயித்தை அவிழ்ப்பார்."

"அன்னைக்கு மறந்திருப்பார்."

"கல்யாண நாளை மறப்பார். இதை மறக்கமாட்டார்."

லைல் ஸ்பீக்கரில் போட்டு அணைக்கட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டான். ஏப்ரல் இருபது என்ன மட்டம்?

மைனஸ் இரண்டு.

அதற்கு முன்னால் மைனஸ் பதினொன்று எப்போது?

தாள் புரளும் சத்தம். பிறகு பதில்.

"மார்ச் இருபத்தெட்டு. அன்னைக்கு ஒருநாள்தான். ராத்திரியே மழை பிடிச்சுக்கிச்சு, மடமடன்னு ஏறிடுச்சு."

வெர்னா கண்களை மூடினாள்.

"அன்னைக்குத்தான் அலபாமாவுக்குக் கிளம்பினார். மூணு வார வேலை. போறதுக்கு முன்னாடி நம்ம ஏரியில ஒரு மணி நேரம் சுத்திட்டுப் போறேன்னார். அப்புறம் அவர் குரலையே நான் கேட்கலை. மெசேஜ் மட்டும் வரும். சிக்னல் இல்லை... வேலை ஜாஸ்தி... கடைசியா இருபதாம் தேதி, 'வந்துட்டேன், ஏரிக்குப் போயிட்டு வீட்டுக்கு வரேன்'னு."

"வேற யாரோ அவர் ஃபோன்ல இருந்து அனுப்பிருக்காங்க."

"படகையும் வண்டியையும் மூணு வாரம் ஒளிச்சு வெச்சிருக்காங்க. புயல் வந்ததும் படகை அவிழ்த்து விட்டிருக்காங்க."

லைல் தாடையைத் தடவினான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை, மிஸ் வெர்னா. இருபத்தெட்டாம் தேதி காலையில, முழுகிப்போன அந்தப் பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் அவருக்கு என்ன வேலை?"

கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த வெர்னாவின் விரல்கள் ஒரு விநாடி நின்றன.

பிறகு இழுத்து மூடின.

"எனக்கும் தெரியலையே, லைல்."

"நாளைக்கு மத்தியானம் உங்க படகுலயே போய்ப் பார்த்துடுவோம். ஷெரிஃப்கிட்ட இப்போ வேண்டாம். ஊருக்குள்ள பேச்சாயிடும்."

"நீ சொன்னா சரி."

மறுநாள் மத்தியானம். ஏரி முழுக்க மூடுபனி.

அணையில் ரிப்பேர் வேலை. நாற்பது வருடத்தில் இல்லாத அளவுக்குத் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். இருபத்தேழு அடி.

கரையெல்லாம் செம்மண் சேறு. அணை கட்டியபோது மூழ்கிய ஊரின் தார் ரோடு ஒன்று சேற்றிலிருந்து எழுந்து, நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அந்தப் பக்கம் யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி.

"நீயே ஓட்டு, லைல். எனக்குக் கை நடுங்குது."

ஓட்டுகிற இருக்கையை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

லைல் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கிரீனைக் காட்டிக் கேட்டான்.

"மட்டம் போட்டீங்களா?"

"போட்டுட்டேன். இருபத்தேழு."

ஸ்கிரீனில் படகு ஒரு சின்ன அம்புக்குறி. சுற்றிலும் வெள்ளை. வெள்ளை என்றால் ஆழம்.

"லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிடுங்களேன், மிஸ் வெர்னா. காத்தே இல்லை. எதுக்கு இந்த மூட்டை?"

"குளிருது."

"பள்ளிக்கூடத்தை அப்புறம் பார்ப்போம். முதல்ல பழைய ஆத்து வாய்க்கால் வரைக்கும் போவோம். அங்கேதான் நல்ல ஆழம்."

ஏன் ஆழம் வேண்டும் என்று வெர்னா கேட்கவில்லை.

"இடது பக்கம் போனா கிட்டக்க."

லைல் ஸ்கிரீனைப் பார்த்தான். இடது பக்கம் இருபத்தொன்பது அடி. தாராளம்.

வேகத்தைக் கூட்டினான். முப்பது மைல்... நாற்பது...

வெர்னா மெல்ல இருக்கையிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள்...

இடி.

படகின் அடிப்பகுதி கிழிந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. லைல் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் பறந்தான்.

பிறகு நிசப்தம்.

வெர்னா கண்ணைத் திறந்தாள். தோள்பட்டை எரிந்தது. விலாவில் குத்தியது. மற்றபடி முழுசாக இருந்தாள்.

படகு ஒரு கல் சுவரின் மேல் சாய்ந்து கிடந்தது. சுவரைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர். லைல் அதில் விழுந்து கிடந்தான். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவனுடைய துப்பாக்கி வெர்னாவின் பக்கத்தில், படகுத் தரையில்.

செருப்புக் காலால் அதைத் தண்ணீருக்குள் தள்ளினாள்.

"இருபத்தேழுன்னு சொன்னியே..." லைல் முனகினான். 'மிஸ்' போயிருந்தது. மரியாதையும் போயிருந்தது.

"சொன்னேன். போட்டது பூஜ்யம். அது காட்டின இருபத்தொன்பதுல நிஜம் ரெண்டே அடி."

"கொலைகாரி..."

"உன்னைவிடக் கம்மிதான். அன்னைக்கு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனது அந்த மிஷின்ல பதிஞ்சிருக்கு. பார்த்தது நான் ஒருத்திதான். யார்கிட்டயும் சொல்லலை. உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

லைல் எழுந்திருக்கப் பார்த்தான். கால் இடம் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றான்.

"அவர் எங்கே, லைல்?"

பனி நகர்ந்தது. எங்கேயோ ஒரு நீர்க்கோழி கத்தியது.

"ட்ரீனாகூட."

வெர்னாவுக்கு முதலில் புரியவில்லை.

ட்ரீனா, லைலின் மனைவி. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு டிரம் வாசிக்கிறவனோடு மெம்பிஸுக்கு ஓடிப்போனவள். லைலைப் பார்த்து ஊரே பரிதாபப்பட்டது. வெர்னாவே நாலு நாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"ட்ரீனா மெம்பிஸ்ல..."

"மெம்பிஸுக்குப் போகலை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, பழைய ரோட்ல, அவ கார்லதான் உட்கார்ந்திருக்கா. உன் புருஷன் ஸ்கிரீன்ல அந்தக் காரைப் பார்த்துட்டான். ஷெரிஃப்கிட்ட போயிருந்தா பொழைச்சிருப்பான். எனக்கு ஃபோன் பண்ணினான். 'லைல், மனசைத் திடப்படுத்திக்கிட்டு வா, ட்ரீனா கார் மாதிரி இருக்கு'ன்னான்."

லைல் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"நான் வந்ததும் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். எனக்காக அழுதான்."

லைல் இன்னொரு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டான்.

"கார்ல பின் சீட்டு காலியா இருந்தது."

வெர்னா கம்பியை இறுகப் பிடித்தாள்.

"பத்து நாள் முங்கித் தேடினியே, பாவி..."

"பத்து நாளும் அவனைப் பார்த்துட்டுத்தான் மேல வந்தேன். கண்ணை மூடவே இல்லை அவன். இப்பவும் நான் தண்ணி குடிக்கறப்போ தம்ளருக்குள்ள இருந்து பார்க்கறான்."

அவள் அழவில்லை. ஒன்பது மாதமாக வெறும் பெட்டிக்காக அழுதிருந்தாள். இப்போது அவருக்கு ஒரு இடம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பழைய ரோட்டில்.

லைஃப் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து செல்ஃபோனை எடுத்தாள். தண்ணீர் புகாத உறை. நாற்பது நிமிடமாக லைன் திறந்தே இருந்தது.

லைலின் முகம் வெளுத்தது.

"ஓபல், கேட்டுச்சா?"

ஷெரிஃப் ஓபல் மேப்ரியின் குரல் கரகரத்தது. "ஒரு வார்த்தை விடாம கேட்டேன். ரெக்கார்டும் ஆயிடுச்சு. பேச மட்டும் செய்னு சொன்னா, படகையே உடைச்சு வெச்சிருக்கியே வெர்னா. அடி பட்டுச்சா?"

"விலா எலும்பு ஒண்ணு ரெண்டு போயிருக்கும். பரவாயில்லை."

"கிளம்பி வந்துட்டு இருக்கோம். பனியில ஒரு மண்ணும் தெரியலை. எங்கே இருக்கீங்க?"

வெர்னா குனிந்து பார்த்தாள். தெளிந்துகொண்டிருந்த தண்ணீருக்கடியில் அகலமான கல் படிகள். கல்லில் செதுக்கிய ஒரு சிலுவை. அறுபது வருடத்துக்கு முன் டெல்பர்ட்டின் அப்பா அம்மா அந்தப் படிகளில் நின்றுதான் கல்யாணப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"பழைய பாப்டிஸ்ட் சர்ச்ல இருக்கோம், ஓபல்."

"சர்ச்சா? அவன் என்ன பண்றான்?"

"முழங்கால் போட்டு, சாட்சி சொல்லி முடிச்சுட்டான். நீங்க விலங்கோட வந்தீங்கன்னா ஆராதனையை முடிச்சுடலாம்."