இடம் கேட்ட குரல்

மண்டபத்தைக் கடந்து பாம்பனை நோக்கிச் செல்லும் சாலையில், தாழம்புதர்களுக்கு அப்பால் இருந்தது அந்தக் கம்பியில்லாத் தகவல் நிலையம். 2008ஆம் ஆண்டின் கார்த்திகைப் புயல் ஓய்ந்திருந்த ஒரு நண்பகலில், லத்தீபா அதன் வாசலில் ஆட்டோவைவிட்டு இறங்கினாள். கணினிச் சேமிப்பகங்களைப் பராமரிப்பது சென்னையில் அவள் பணி. எத்தனையோ அலுவலகங்களின் வாசலில் இவ்வாறு வந்து இறங்கியவள்தான். இம்முறை அவளைப் பணி அழைக்கவில்லை. அவள் தம்பி சுஐபு ஏறிச்சென்ற படகு இன்னும் கரை திரும்பவில்லை.

கடலிலிருந்து படகுகள் விடுக்கும் அழைப்புகளைக் கேட்பதும் அவற்றை ஒலிப்பதிவாகக் காப்பதும் அந்நிலையத்தின் வேலை. அங்கே பணியாற்றிய பாக்கர், பெரியபட்டினத்தில் சுஐபோடு ஒரே தெருவில் வளர்ந்தவன்; அவனைப்போலவே லத்தீபாவை அக்கா முறையில் லாத்தா என்று அழைப்பவன். உறக்கமற்றுச் சிவந்த கண்களோடு வாசலில் நின்றான்.

"செருப்பைக் கழத்திட்டு வாங்க லாத்தா. பள்ளிவாசலுக்கு அப்பறம் பாக்கருக்கு இந்த ரூமுதான்னு உங்க தம்பி கேலி பண்ணுவான்."

சிரிக்க முயன்றான். முடியவில்லை.

"புயலன்னைக்கு அவுக போட்டுல இருந்து கூப்பிட்டிருக்காக. லைட்டு எரிஞ்சதை என் கண்ணால பார்த்தேன். கேக்குறதுக்குள்ள தண்ணி உள்ள ஏறிருச்சு. பதிவு பண்ற சர்வரு செத்துப்போச்சு. சத்தம் அந்தப் பெட்டிக்குள்ளதான் கெடக்கு, எடுக்கத் தெரியல. ஊர்ல போட்டுக எல்லாம் தயாரா நிக்கிது. இம்புட்டுக் கடல்ல எங்கனன்னு தேடுவாக? எந்தத் தீவுப் பக்கம்னு ஒரு வார்த்தை கெடைச்சாப் போதும்."

உள்ளறையில் சாளரம் இல்லை. குளிர்பொறியின் இரைச்சலும் நீலநிறச் சிறுவிளக்குகளும் மட்டுமே இருந்தன. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது என்பதை அங்கே நம்ப இயலாது.

சேமிப்புப் பெட்டி ஒரு பெருவயல் போன்றது. அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சர்வருக்கு உரிமையாக்குவதே லத்தீபாவின் தொழில். வால்யூம் என்று அந்தப் பாத்திக்குப் பெயர். தனக்கு ஒதுக்கப்படாத வால்யூம் எந்தச் சர்வரின் கண்ணுக்கும் தெரியாது. மாண்ட சர்வரிடமிருந்து வால்யூமை எடுத்து, அதற்கு மாற்றாக வந்திருந்த புதிய சர்வருக்குக் கொடுத்தால், தம்பியின் குரல் வெளிப்பட்டுவிடும். எளிய வேலை.

திரையைத் திறந்தவள் பாக்கரின் பக்கம் திரும்பினாள்.

"பழைய சர்வரைக் கழட்டலியா பாக்கரு?"

"வராண்டாவுல கெடக்கே. தாண்டித்தான வந்தீங்க?"

ஆம், தாண்டித்தான் வந்தாள். மூடி திறந்து, வயிற்றில் கடல்மணல் உறைந்து கிடந்தது அது. ஆனால் அது இணைப்பில் இருப்பதாகத் திரை சொன்னது. தன் வால்யூமில் அது எழுதிக்கொண்டும் இருந்தது.

எழுந்து, சேமிப்புப் பெட்டி இருந்த அடுக்கின் பின்புறம் சென்று பார்த்தாள். பழைய சர்வரின் கம்பி செருகியிருந்த துளை வெறுமையாக இருந்தது. அதன் மேல் பச்சை விளக்கு மூச்சுவிடுவதுபோல் மின்னியது. விரலை அருகே கொண்டுபோனாள். ஈரம் தட்டியது; ஒரு மணமும் எழுந்தது. கரைக்கு வரும் உப்பு மணமன்று அது. ஒளி எட்டாத ஆழத்தின் மணம்.

முதலில் எடுத்துவிட வேண்டும், பிறகே கொடுக்க வேண்டும். அவள் தொழிலின் முதல் விதி அது. ஒரே பாத்தியில் இருவர் கைவைத்தால் விளைச்சல் பாழ். ஆயினும் எழுதுவது யார் என்று அறியாமல் எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. எடுக்காமலே, புதிய சர்வருக்கும் அதைக் கொடுத்தாள்.

ஒலிப்பதிவு திறந்தது. காற்றின் ஓலம். அதனூடே சுஐபின் குரல்.

"பாக்கரு... போட்டு ஒடஞ்சிருச்சு... மத்தவுக நீந்துறாக... எந்தத் தீவுன்னா..."

ஒலி திக்கி நின்றது. எத்தனை முறை முயன்றும் அந்த இடத்தைக் கடக்கவில்லை. மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓட்டினாள்.

ஓலம் இல்லை. அலை இல்லை.

"லாத்தா. வந்துட்டியா?"

பாக்கர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "இது அன்னைக்குப் பேசுனது இல்ல," என்று முணுமுணுத்தான்.

லத்தீபாவுக்கு விளங்கியது. வால்யூம் நிரம்பிவிட்டிருந்தது. இடம் போதாதபோது, பழைய ஒலியை அழித்துத்தான் புதிய ஒலி பதியும். இப்போது பேசும் குரலின் ஒவ்வொரு சொல்லும், புயலன்று பேசிய ஒரு சொல்லைத் தின்றுகொண்டிருந்தது. இன்னும் சிறிது பேசினால் தீவின் பெயரும் அழிந்துபோகும். அந்தப் பெயரை நம்பி, எங்கோ ஒரு மணல்திட்டில், மற்றவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"தம்பி, பேசாத," என்றாள் திரையைப் பார்த்து. "பேசப் பேச அழியுதுடா."

"பேசலேன்னா இருட்டு, லாத்தா. இங்கன மட்டுந்தான் எனக்கு எடம் இருக்கு. எடுத்துறாத."

போனவரை நினைந்து கரையில் நின்று இரங்குதல் நெய்தல் நிலத்தின் பழம்பொருள். போனவரே இரங்கிக் கெஞ்சும்போது கரையில் நிற்பவள் என் செய்வாள்?

அவள் கண்ணை மூடிக்கொண்டு, பழைய சர்வரிடமிருந்து வால்யூமைப் பறித்தாள்.

"லாத்"

பச்சை விளக்கு அணைந்தது.

எஞ்சிய ஒலி தடையின்றி ஓடியது. "எந்தத் தீவுன்னா, தலையாரி. தெக்குப் பக்கம் வரச் சொல்லு." பாக்கர் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே கம்பியில்லாக் கருவியிடம் ஓடினான்.

அந்தி சாயுமுன், தீவில் ஒதுங்கியிருந்தவர்களை ஊர்ப் படகுகள் கரை சேர்த்தன. சுஐபைத் தவிர அனைவரும் இருந்தனர். உதடு வெடித்திருந்த படகுத் தலைவர் வாவு முகம்மது, லத்தீபாவை ஏறிட்டுப் பார்க்க அஞ்சினார்.

"அவன் கூப்பிட்டுச் சொல்லித்தான் உங்களத் தேடி வந்தாக, மாமா," என்றாள்.

"எதுல கூப்பிட்டான் தாயி?" என்றார் அவர். "மொத அலையிலயே வயர்லெஸ் பெட்டி கடல்ல போச்சு. அதைப் புடிக்கத்தான் குதிச்சான். அப்பறம் அவன் தலையை நாங்க பாக்கவே இல்ல. தீவுல ஒதுங்குனது மறுநாள்தான்."

விடிந்ததும், உடலையாவது தேடலாம் என்று படகுகள் மீண்டும் சென்றன. பாக்கரும் உடன் போனான். "வயர்லெஸ் செட்டு ஓடிக்கிட்டே இருக்கட்டும் லாத்தா. நான் பேசுறேன்," என்று சொல்லிவிட்டே போனான்.

தனித்திருந்த லத்தீபாவின் நெஞ்சில் ஒரே வாக்கியம் அறுத்துக்கொண்டிருந்தது. எடுத்துறாத. உயிர்க்கெல்லாம் இடம் வகுப்பவன் ஒருவன் இருக்கிறான். அது அவன் வேலை. அதை அறிந்தும், துயரம் பித்தாக்கிய அவள் கை விசைப்பலகைக்குச் சென்றது. வெற்று வால்யூம் ஒன்றை உருவாக்கினாள். மாண்ட சர்வரின் பெயருக்கே அதை ஒதுக்கினாள்.

"இந்தா தம்பி. இது ஒனக்கு மட்டும்."

நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை.

பிறகு வெறுமையான துளையின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

வால்யூம் நிரம்பத் தொடங்கியது. ஒலியைத் திறந்தாள்.

"லாத்தா." குரலில் நிம்மதி இருந்தது. அவள் விம்மி அழுதாள்.

"லாத்தா, நீ எடம் குடுத்தது இங்கன இருக்கவுக எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு."

சேமிப்புப் பெட்டியை நாடி எந்தச் சர்வர் வந்தாலும் முதலில் தன் பெயரைச் சொல்லும். ஒருவர் அதற்கு வால்யூம் ஒதுக்கும்வரை, அப்பெயர் திரையின் ஓரத்தில் ஒரு வரிசையில் காத்து நிற்கும். அந்த வரிசை இதுவரை வெறுமையாகவே இருந்தது.

இப்போது ஒரு பெயர் வந்தது.

சதக். அவள் வாப்பாவோடு சங்கு குளிக்கப் போய், திரும்பாமலே போனவர்.

அதன்கீழ் இன்னொன்று. இன்னொன்று. அறியாத பெயர்கள், ஆணும் பெண்ணுமாக, இக்காலத்தில் எவரும் சூட்டாத பழம்பெயர்கள். திரை கொள்ளாமல் வரிசை மேலே நகர்ந்துகொண்டே இருந்தது. பெட்டிக்குள் அத்தனைக்கும் இடமில்லை. அறைத்தளம் அவள் பாதத்தின்கீழ் ஈரமாயிற்று.

திடீரென வரிசை நின்றது.

கடைசியாக வந்த பெயரை லத்தீபா படித்தாள். மீண்டும் படித்தாள். பிறகு முன்னறைக்கு ஓடிக் கம்பியில்லாக் கருவியைப் பற்றினாள்.

"பாக்கரு. பாக்கரு, பேசு."

வாசலுக்கு அப்பால், காலை வெயிலில், கடல் ஒரு சுருக்கமும் இன்றிக் கிடந்தது. பாக் நீரிணையிலிருந்து வரும் காற்றும் நின்றிருந்தது. கருவியில் இரைச்சல்கூட இல்லை.

"ஏலே பாக்கரு, வெளையாடாத."

உள்ளறையில், திரையின் அடியில், அந்தப் பெயர் பொறுமையாக மின்னிக்கொண்டிருந்தது. அதன் எதிரே, மற்றப் பெயர்களுக்கு எதிரே இருந்த அதே சொற்கள்: இடம் இன்னும் ஒதுக்கப்படவில்லை.