இரண்டாவது வெள்ளைத்துணி

"ஐயோ, முட்டப் போவுது..!"

கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் அலறினார்கள்.

1943. ஜப்பான்காரன் பிடித்திருந்த மலைநாட்டில், திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். செடிகளைப் பிடுங்கி, ஜப்பான்காரன் விமானத் திடல் போட்டிருந்தான். பனிமூட்டத்துக்குள் தரையில் உருண்டு வந்த இரண்டு விமானங்கள்... நேருக்கு நேர்!

க்ரீச்..!

ஒரு முழ இடைவெளியில் நின்றன.

கேப்டன் மொரிதா வாளை உருவினான்.

வேலப்பன் கங்காணி கையில் வெள்ளைத்துணியோடு ஓடி வந்தான். தரையில் விமானங்கள் மோதாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. கொழுந்து நிறுக்க ஆட்களைக் கூப்பிட வெள்ளைத்துணி தூக்குவது தோட்டத்து வழக்கம். அதையே விமானத்துக்கும் வைத்துவிட்டான். வெள்ளை என்றால் வா. சிவப்பு என்றால் நில்.

மொரிதா கத்தினான். தோட்டத்துக் கணக்கெழுதும் ஹரோல்ட் கிராணிக்கு அரைகுறை ஜப்பான் பாஷை தெரியும்.

"மேக்கால வெள்ளைத்துணி காட்டுன சதிகாரன் யாருன்னு கேக்குறான், கங்காணி. ஆள் கிடைக்கலன்னா உன் கழுத்துதானாம்."

"நான் கெழக்கால நின்னு ஒரு ஏரோப்ளேனத்தானே கூப்புட்டேன். இன்னொன்ன எவன் கூப்புட்டான்?"

"அதத்தான் கண்டுபுடிக்கணும் லா."

மூவரும் மேற்கே ஓடினார்கள்.

பனிக்குள்... உயரமான மூங்கில். உச்சியில் வெள்ளைத்துணி படபடத்தது. அடியில் ஓர் உருவம்!

"யாரது? அசையாத."

ருக்குமணி. சிப்பாய்களுக்குத் துணி துவைப்பவள்.

"இந்தத் துணிய ஏன் தூக்குன?"

"இந்தப் பனியில கீழ போட்டா எப்படிண்ணே காயும்? மேலதான் காத்து இருக்கு."

"என்ன துணி இது?"

"கோவணம்."

"யாரோடது?"

ருக்குமணி வாளைப் பார்த்தாள். வாளைப் பிடித்திருந்தவனைப் பார்த்தாள்.

"இவரோடதுதான்..."

ஹரோல்ட் மொரிதா பக்கம் திரும்பினார். பாவம், கோவணத்துக்கு ஜப்பான் வார்த்தை அவருக்குத் தெரியவில்லை. தன் இடுப்பைச் சுற்றிக் கையால் காட்டினார். அப்புறம் மொரிதாவைக் காட்டினார்.

மொரிதாவின் முகம் காது வரை சிவந்தது. வாள் சத்தமில்லாமல் உறைக்குள் போனது. ஏதோ முணுமுணுத்துவிட்டு நடந்தான்.

"என்ன சொல்றான், கிராணி?"

"சதி ஒன்னும் இல்லையாம். இனிமே அவன் கோவணம் வெள்ளையா இருக்கக் கூடாதாம். சாயம் போடணுமாம்."

வேலப்பன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை ஹரோல்ட் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கங்காணி, ஒரு ஏரோப்ளேனும் நகர மாட்டேங்குது. எல்லாம் அப்படியே நிக்குது. மறுபடியும் சதின்னு வாள உருவிட்டான்."

வேலப்பன் மேற்கே பார்த்தான்.

மூங்கில் உச்சியில்... சிவப்புக் கோவணம்!

"இந்தத் தடவ யார் கழுத்துன்னு அவனையே கேட்டுச் சொல்லுங்க, கிராணி."