நிசப்தத்தில் நாலு மிதி

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்த ஏற்றத் தெருவில் ஏறி முடிக்கும்போது என் முழங்கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. மாலை நான்கு மணிதான். மழையில் அதற்குள் இருட்டியிருந்தது. கதவைத் திறந்த ஜானிஸ், என் நண்பன் டெரெக்கின் அக்கா. டெரெக் பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளில் செத்துப்போனவன்.

“டேய் பாரி, கிழவனாயிட்டியேடா!”

“நீ மட்டும் குமரியாக்கும்?”

சிரித்தாள். கண்கள் குழி விழுந்திருந்தன. தூங்கி மூன்று வாரமாம்.

“பரண்ல அவனோட இசைத்தட்டு கிடைச்சுது. ஒரே ஒரு தடவை போட்டேன். அதுல டெரெக்கோட சத்தம் கேக்குது. இல்லைன்னு சொல்லுடா, நீதான் இந்த மெஷினெல்லாம் ரிப்பேர் பண்றவனாச்சே. எனக்குத் தூங்கணும்.”

எங்கள் பதினேழு வயதின் பாட்டு அது. ஒற்றை கிட்டார் தயங்கித் தயங்கி நடக்கும். பிறகு சட்டென்று நிசப்தம். அடுத்த நொடி எல்லா வாத்தியங்களும் கூரை இடிவதுபோல் இறங்கும். அந்த நிசப்தத்தில் டெரெக், உருக்காலை வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸோடு இதே வீட்டின் மாடித் தரையை நாலு தடவை மிதிப்பான். கீழே அவன் அம்மாவின் டீயில் சுண்ணாம்பு உதிரும்.

“பயப்படாதே. இதைப் பாரு” என்று தட்டை விளக்கொளியில் சாய்த்துக் காட்டினேன். அதிலிருப்பது ஒரே பள்ளம்தான். விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றிப் போகிறது. சத்தம் பெரிதாக உள்ள இடத்தில் பள்ளம் அகலமாக வளைந்து, பக்கத்துச் சுற்றின் சுவரையும் லேசாக நெளித்துவிடும். அதனால் அடுத்த சுற்றில் வரப்போகும் சத்தம், இந்தச் சுற்றிலேயே மெல்லியதாய்க் கேட்கும்.

“மெல்லிசா முதல்ல வரும். ஒரு சுற்று கழிச்சு, ரெண்டு நொடிகூட ஆகாது, பெருசா வரும். நீ கேட்டது வரப்போற டிரம்ஸ். அவ்வளவுதான்.”

அவள் தோள்கள் தளர்ந்தன. நான் ஊசியை இறக்கினேன்.

கிட்டார் நடந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை மயிர் சிலிர்த்தது. நிசப்தம் வந்தது.

அதற்குள்ளே, வெகு தூரத்தில், நாலு மிதி.

அது டிரம்ஸ் இல்லை.

சட்டென்று ஊசியைத் தூக்கினேன். ஊசி இல்லாமல் அடுத்த சுற்று ஒலிக்க வழியே இல்லை. தட்டு மௌனமாக ஒரு முறை சுற்றியது.

தலைக்கு மேலே மாடித் தரை அதிர்ந்தது.

நாலு தடவை.

விளக்கு ஆடியது. ஜானிஸ் தந்திருந்த டீயில் சுண்ணாம்புத் தூள் மிதந்தது.

“தட்டைப் போடலைன்னாலும் கேக்குதுடா” என்று முணுமுணுத்தாள் ஜானிஸ். பயப்படக்கூடத் தெம்பில்லாத குரல். “எடுத்துட்டுப் போயிடு.”

எடுத்துப்போனேன். உறையில் போட்டு, என் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் மதியம் தொலைபேசி அடித்தது.

“பாரி, கட்டை மாதிரி தூங்கினேன்டா! வீடே அமைதியாயிடுச்சு.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். மேலிருந்து சத்தம் வந்தது. நாலு மிதி.

என் வீட்டுக்கு மாடி கிடையாது.

“நல்லவேளை, நீ எடுத்துட்டுப் போனே.”

மிக மெல்லியதாகத்தான் கேட்டது. மெல்லியதுதான் முதலில் வரும்.

பெரியது வர ஒரு சுற்றுதான். நான் நொடிகளை எண்ணத் தொடங்கினேன்.