சேராத கடல்கோடு

கடல்கோடு சேரவில்லை.

வேளாங்கண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். பழைய சவேரியார் கோயிலின் நடுவில் ஸ்டாண்டை நிறுத்தி, காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுற்றிலும் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் ஒரே வட்டமாக ஒட்டியிருந்தது. பீடம், பாடகர் மேடை, தெருவைப் பார்த்த வாசல், எல்லாம் ஒட்டுத் தெரியாமல் பொருந்தியிருந்தன. முதல் படமும் கடைசிப் படமும் சந்திக்கிற இடத்தில்தான் கோளாறு. அங்கே, கடல்பக்கச் சுவர் இடிந்து விழுந்த பெரிய ஓட்டைக்கு அப்பால், கடலும் வானமும் தொடும் கோடு உடைந்து நின்றது. முதல் படத்தில் இருந்ததைவிடக் கடைசிப் படத்தில் கடல் ஒரு விரற்கடை உயரம்.

"வட்டம் மூடலைன்னா எடுத்துக்க மாட்டாங்க அக்கா," என்றார் ஜெயசிங் போனில். நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியர். உலகெங்கும் உள்ள படக்காரர்கள் அவரவர் ஊரின் பழைய கட்டடங்களை முழுவட்டப் படமாக எடுத்து ஒரே இணையதளத்தில் சேர்க்கிறார்கள்; அந்த வேலைக்கு இந்த மாவட்டத்தில் ஆள் சேர்த்தவர் அவர்தான். வட்டக்கோட்டையை அவரே எடுத்து அனுப்பிவிட்டார். "ஸ்டாண்டு சரிஞ்சிருக்கும். ரசமட்டம் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். குமிழு நடுவுலதான் நின்னுது."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. கடலை அழிச்சிட்டு வெறும் வானத்தை ஒட்டிருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கடல அழிச்சா, செவர இடிச்சது யாருன்னு கேப்பாங்களே சார். காத்துன்னு சொல்லவா?"

"அப்ப இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க," என்று போனை வைத்தார் ஜெயசிங்.

2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது, கடல் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு கோயிலுக்குள் வந்தது. ஞானஸ்நானப் படம் எடுக்கப் போன அவள் கணவன் சிலுவை உள்ளே இருந்தான். வெள்ளைக் கவுன் போட்டு, இரட்டைச் சடையில் சிவப்பு நாடா கட்டி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு போன மகள் அஜிதாவும் உள்ளே இருந்தாள். உடல்கள் கிடைக்கவில்லை. பெயர் எழுதி வைக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழிகூட இல்லை. அந்தக் கோயில்தான் அவளுக்குக் கல்லறை. புதுக் கோயில் வந்துவிட்டதால் அதையும் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் ஒரு மூலை விடாமல் அதைப் படமாக்கி வைத்துவிட வேண்டும்.

ஊரில் பாதிப் பேர் கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் போனபோதும் அவள் போகவில்லை. "நான் என்னத்துக்கு ஓடணும்?" என்று கேட்டு, மேட்டு ரோட்டோரம் சிலுவை நடத்திய ஸ்டுடியோவைத் தானே நடத்தினாள். படம் எடுக்குமுன் வலது உள்ளங்கையை உயர்த்தி "அசையாதீங்க" என்பான் அவன். அந்தக் கையும் அந்தச் சொல்லும் இப்போது அவளுடையவை. ஒன்றே ஒன்று மாறியிருந்தது. கடலுக்கு முதுகு காட்டி அவள் நிற்பதில்லை. கடையில் நாற்காலிகூடக் கடலைப் பார்த்தே கிடந்தது. கடையோடு ஒட்டிய வீட்டின் அடுக்களை வாசலும் முருங்கைமரமும் அதற்குப் பின்னால்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் கோயிலுக்குப் போனாள். சாவி வைத்திருக்கும் ததேயுஸ் தெருவாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"எக்கா, திரும்பியும் வந்தியளா? இடிக்கப்போற கோயிலுக்குக் கல்யாணப் படமாக்கும்?"

"ஆமா. நீரு மாப்பிள்ளத் தோழனா வந்து வாசல்ல நில்லும்."

"வாசல்ல நிக்கேன். உள்ள கூப்பிடாதிய, எனக்குப் பயமாக்கும். வெக்கம் கெட்டுச் சொல்லுதேன்."

உள்ளே வௌவால் எச்சமும் உப்பும் என்றோ எரிந்த மெழுகும் கலந்த வாடை. ஓடு பெயர்ந்த கூரை வழியாக வெயில் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்க, பெஞ்சுகள் இருந்த இடமெல்லாம் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் காய்ந்து கிடந்தது. ஸ்டாண்டை நிறுத்தினாள். குமிழ் நடுவில் நின்றது.

இந்த மாதிரிப் படத்துக்கு ஒரு முறை உண்டு. எடுப்பவர் படத்தில் விழக்கூடாது. காமிரா திரும்பத் திரும்ப அவரும் அதன் பின்னாலேயே நகர வேண்டும். காமிரா தெருவாசலைப் பார்க்கும்போது அவள் முதுகு முழுவதும் கடலுக்கு.

முதல் படம். உடைந்த தூணின் அடியில் கடல்கோடு. அலைச் சத்தம் வழக்கம்போல. காமிராவைத் திருப்பினாள். பக்கச் சுவர். சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனது. திருப்பினாள். பீடம். இன்னும் தள்ளிப்போனது. யாரோ கடலைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டு போகிறமாதிரி, இரைச்சல் தேய்ந்து, முனகலாகி, தெருவாசலுக்கு நேரே காமிரா வந்தபோது அறவே நின்றுபோனது.

அன்றும் இப்படித்தான் நின்றது. அடுப்படியில் அவள் கேட்டிருக்கிறாள்.

சேற்று வாடை வந்தது. கடலின் அடியில் மட்டும் இருக்கிற சேறு. பிடரியில் குளிர். வாசலில் ததேயுஸின் பீடி நுனி சிவந்தது. அவர் பார்வை அவளிடம் இல்லை. அவளுக்குப் பின்னால், மேலே, வெகு மேலே.

திரும்பிப் பார்க்கலாம். பார்த்தால் கை ஆடும். வட்டம் போய்விடும்.

அவள் பார்க்கவில்லை.

"வா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வந்து படத்துல நில்லு."

அழுத்தினாள். திருப்பினாள். அழுத்தினாள். கடைசிப் படத்துக்காகக் காமிரா கடல்பக்கம் வந்தபோது இரைச்சல் பழையபடி இருந்தது. கடலும் தூணடியில், இருந்த இடத்திலேயே. தரையில் மணல் காய்ந்து கிடந்தது. அவள் சேலை மட்டும் முழங்கால்வரை நனைந்திருந்தது.

வெளியே வந்தாள். ததேயுஸின் பீடி அணைந்திருந்தது. "எக்கா," என்றார். பூட்டாமலே சாவியை அவள் கையில் திணித்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

பொழுது சாயும்போது படம் ஒட்டி முடிந்தது. இந்தத் தடவை எங்கும் ஒட்டுத் தெரியவில்லை. கடல்கோடு சேர்ந்திருந்தது. மவுஸைப் பிடித்துத் திரையில் வட்டத்தைச் சுற்றினாள். ஓட்டைக்கு அப்பால் கோடு தூணின் தலைக்குமேல் ஓடியது. பக்கச் சன்னல்களிலும் அதே உயரத்தில். பீடத்துக்குமேலும். தெருவாசலிலும். ததேயுஸ் நின்ற இடத்தில் ததேயுஸ் இல்லை. தெரு இல்லை. தண்ணீர்.

தண்ணீருக்கடியில் பெஞ்சுகள் இருந்தன. நிறைய ஆட்கள். எல்லாரும் பீடத்தைப் பார்த்தபடி. பிடரிகள் மட்டும்.

ஒருவன் மட்டும் அவளைப் பார்த்து நின்றான். வலது உள்ளங்கை உயர்ந்திருந்தது. இடது கையைப் பிடித்தபடி, முதுகு காட்டி, சின்னதாக ஓர் இரட்டைச் சடை. சிவப்பு நாடா.

வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு ஜெயசிங்கைக் கூப்பிட்டாள். "வட்டம் மூடிட்டு சார். அனுப்புதேன்."

"கடலை அழிச்சீங்களா?"

"இல்ல. முழுசா வச்சிருக்கேன். என்ன செய்திச்சுன்னு உலகம் பாக்கட்டு."

அனுப்பினாள். புதுக் கோயிலில் சாயங்கால மணி அடித்தது. பாதியில் நின்றது. மின்விசிறிச் சத்தமும் இல்லை. ஆனால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எதிரே, கடைவாசல் வழியாகப் பார்த்தாள். கீழே, தூரத்தில், கடல் அதன் இடத்தில் கிடந்தது. சத்தமில்லாமல்.

சேற்று வாடை.

முன்னாலிருந்து அல்ல. பின்னாலிருந்து.

எழுந்தாள். திரும்பினாள். அடுக்களை வாசலில் முருங்கைமரம் இல்லை. நிலைக்குமேல்வரை தண்ணீர். சொட்டுக்கூட உள்ளே சிந்தாமல், கண்ணாடிபோல. உள்ளே பிடரிகள். வரிசை வரிசையாக. உயர்ந்த ஓர் உள்ளங்கை.

கால்கள் கடைவாசலுக்கு ஓடச் சொல்லின. அவள் ஸ்டாண்டை இழுத்து அடுக்களை வாசலுக்கு நேரே வைத்தாள். குமிழைப் பார்த்தாள். நடுவில்.

வலது கையை உயர்த்தினாள்.

"அசையாதீங்க."

ஃபிளாஷ் வெட்டியது.

பிடரிகள் திரும்பின. ஒவ்வொன்றாக. சில கண்களோடு. சில கண்கள் இல்லாமல். ஒரு பிடரியைத் தவிர.

வேளாங்கண்ணி பின்வாங்கவில்லை.

"ஏட்டி அஜிதா," என்றாள். "இஞ்ச பாரு மக்கா."

சிவப்பு நாடா அசைந்தது. அந்தச் சின்னத் தலை மெல்ல, மெல்ல, திரும்பத் தொடங்கியது.