சிவப்புப் பலகையும் பச்சை நூலும்

சனிக்கிழமை காலை ஆறு மணி. ஏரிக்கரைக் கொட்டகையைத் திறந்த பலகைக் கடைக்காரர் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். பூட்டு பத்திரம். ஜன்னல் கம்பி பத்திரம். சிவப்புப் பலகையை மட்டும் காணோம்.

அரை மணி நேரத்தில் தெருவே கொட்டகை வாசலில் கூடிவிட்டது. வேறென்ன வேலை இருக்கிறது இந்தத் தெருவுக்கு?

நின்றுகொண்டே துடுப்புப் போட்டு ஏரியில் போகிற பலகை அது. பம்பு வைத்து உள்ளே காற்றடித்தால் கல் மாதிரி இறுகிவிடும். ஜெராக்ஸ் அக்கா தன் முதல் பலகையாக வாங்கலாமா என்று ஒரு வாரமாக அதில் ஏறிப் பழகிக்கொண்டிருந்தாள். பழகினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்துகொண்டிருந்தாள்.

சிரிக்கிற விஷயமில்லை. முழங்கால் உடைந்ததிலிருந்து ஒரு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தவள். ஜெராக்ஸ் கடை ஷட்டர் ஏறவேயில்லை. இந்தப் பலகை ஆசைதான் அவளை வாசற்படி தாண்ட வைத்தது. வெள்ளிக்கிழமை சொட்டச் சொட்டக் கரையேறியவள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “நாளைக்கு ஒரு நாள். நாளைக்கும் நிக்க முடியலைன்னா பலகையும் வேணாம், ஏரியும் வேணாம். வீட்டோட இருந்துக்கறேன்.”

விடிந்தால் பலகையே இல்லை.

“செக்கர் அம்மாவைக் கூப்பிடுங்க” என்றது கூட்டம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தவர் என்று பெயர். அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்பது வேறு கதை.

குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். கடைக்காரரிடம் ஆரம்பித்தார்.

“சாவி?”

“என் இடுப்புலதான் மேடம்.”

“கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“நேத்து மத்தியானம். பலகையைக் கால்ல கட்டற வார் பிஞ்சுபோச்சுன்னு அக்கா கழட்டி வீசிட்டுப் போனாங்க. சாயங்காலம் நான் தண்ணியோரம் லைஃப் ஜாக்கெட் அலசிட்டிருந்தேன். இருட்டிடுச்சு, அப்படியே வந்து பூட்டிட்டேன்.”

“உள்ள பாக்கல?”

“பாக்கல மேடம்.”

“இவர் வித்திருப்பார்!” ஜெராக்ஸ் அக்கா பாய்ந்தாள். “சிவப்பு வேணாம், மஞ்சளை எடுன்னு முதல் நாள்லேருந்து இதே பாட்டு.”

“புதுசா ஏறுறவங்களுக்கு அகலமாத்தான் வேணும்மா. சிவப்பு ஒல்லி. வேகமாப் போறவங்களுக்கானது. அதுல நிக்கவே மாசக்கணக்காகும்.”

“அந்த மஞ்சள் கட்டில்ல நான் ஏறமாட்டேன்!”

இங்கே கூட்டம் ஏரிப் பக்கம் பார்த்தது. கதை எல்லாருக்கும் தெரியும். மூன்று வாரம் முன்னால், பலகைகளைப் பார்க்க வந்த இடத்தில், கொட்டகைக்கு எதிர்க்கடைத் தையல்காரி, அதாவது அக்காவின் நாத்தனார், “அண்ணி, உங்களுக்கு அந்த அகலம்தான் சரி” என்றாள். பலகையைச் சொன்னாளா, அண்ணியின் உடம்பைச் சொன்னாளா? தெரு இரண்டாவதையே விரும்பியது. அக்காவும் அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

தையல்காரி வாசலில்தான் நின்றாள். பள்ளிச் சீருடை தைக்கும் அவசரத்திலிருந்து எழுந்து வந்தவள், தோளெல்லாம் பச்சை நூல் துணுக்கு.

செக்கர் அம்மா அக்காவின் கணவர் பக்கம் திரும்பினார். “நீங்க?”

“இவ மத்தியானமே வீட்டுக்குப் போனது தெரியாம, கூட்டிட்டுப் போக சாயங்காலம் கொட்டகைக்கு வெளியில நின்னேன். திடீர்னு புஸ்ஸ்ஸுனு ஒரு சத்தம். ஸ்கூட்டர்தான் பஞ்சராயிடுச்சுன்னு ரெண்டு சக்கரத்தையும் அமுக்கி அமுக்கிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

“இது ஒரு வாக்குமூலமா?” என்றாள் மனைவி.

செக்கர் அம்மா குடையைத் தூக்கிக்கொண்டார். உள்ளே போனார். சிவப்பு இருந்த இடத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் மஞ்சள் பலகை பக்கத்தில் குனிந்தார். எழுந்தபோது வாயோரம் ஒரு சிரிப்பு. பிறகு, சுவரோரம் குவிந்திருந்த, பலகை வைக்கும் காலிப் பைகளைக் குடையால் ஒவ்வொன்றாகக் குத்தினார். மூன்று பை மடங்கின. நான்காவது மடங்கவில்லை. ஜிப்பை இழுத்தார். பாய் மாதிரி சுருட்டி வைத்த சிவப்புப் பலகை.

“வெளிய போகவே இல்லையே! அப்புறம் பூட்டு எப்படி உடையும்? அந்த புஸ்ஸு, இதுலேருந்து காத்தை இறக்கின சத்தம். கடைக்காரர் தண்ணியோரம், கொட்டகை திறந்தபடி.”

“யாரு?” என்றாள் அக்கா.

“எல்லாரும் திருடன் எடுத்ததையே தேடுனீங்க. வச்சுட்டுப் போனதை யாரும் பாக்கல. நேத்து பிஞ்சுபோன வார் இப்ப எங்க இருக்கு?”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் பலகையின் வாலில் கட்டியிருந்தது. பிய்ந்த இடத்தில் புதுத் தையல், மேலும் கீழுமாக மூன்று வரிசை. பச்சை நூல்.

“பலகையைத் திருடுறவன் பிஞ்ச வாரைத் தைச்சு வைப்பானா? நீ விழுந்தா பலகை உன்னை விட்டுப் போயிடக்கூடாதுன்னு நினைச்ச ஒருத்தி செஞ்ச வேலை இது. இருக்கிறது மஞ்சள் மட்டும்னா நீ மஞ்சள்ல ஏறித்தானே ஆகணும்?”

செக்கர் அம்மா திரும்பினார். “தோளைத் தட்டிக்கோம்மா. நூல் ஒட்டியிருக்கு.”

தையல்காரி தட்டிக்கொள்ளவில்லை.

“ஏண்டி, என்கிட்ட நேரா சொன்னா என்னவாம்?” என்றாள் அக்கா.

“நேராத்தானே சொன்னேன்! அதுக்குத்தானே மூணு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க! தினம் கடையிலேருந்து பாக்கறேன் அண்ணி. நீங்க விழும்போதெல்லாம் எனக்குத் தையல் கோணுது. பத்துப் பிள்ளைங்க பாக்கெட் கோணலாப் போயிடுச்சு.”

அக்கா மஞ்சள் பலகைப் பக்கம் குனிந்தாள். வாரைக் கையிலெடுத்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கணுக்காலில் கட்டினாள்.

ஏழு மணிக்கு மஞ்சள் ஏரியில் இறங்கியது. அக்கா மண்டியிட்டாள். ஒரு காலை ஊன்றினாள். இன்னொரு கால். பலகை லேசாக அசைந்து அடங்கியது.

நின்றாள்.

“அண்ணி! காலைப் பாக்காதீங்க, தூரமாப் பாருங்க!”

தூரமாகப் பார்த்தாள். துடுப்புப் போட்டாள். ஏரி நடுவில் ஒரு வட்டம் அடித்துவிட்டுக் கரைக்கு வந்து நின்றாள்.

“இந்தா, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு முன்னாடி வந்து உக்காரு” என்றாள் நாத்தனாரிடம். “அகலமாச்சே. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு.”