துரைக்கு வைத்த தண்ணீர்

ஸ்காட்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் ஆஷ்லினுக்கு வாய் சும்மா இருக்காது. அங்கே அவள் கவனித்துக்கொள்ளும் மக்லீன் என்ற கிழவருக்கு ஓர் ஆசை. பஞ்சு வியாபாரத்துக்குச் சாத்தூர்ப் பக்கம் வந்து ஊர் திரும்பாத தன் தாத்தாவின் தம்பியை எங்கே புதைத்தார்கள் என்று சாவதற்குள் தெரியணுமாம். "எங்கம்மா கண்டுபிடிப்பாங்க" என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அலைந்தது நான்.

கல்லறை அச்சங்குளத்தில், ஒரு பட்டாசுக் கம்பெனி வேலிக்குள் இருந்தது. வேலை நாளென்றால் போனை வாசலிலேயே பிடுங்கியிருப்பார்கள். அன்று ஞாயிறு. பெருக்கும் வேலை பார்க்கும் ராமுத்தாய்தான் கேட்டைத் திறந்துவிட்டாள்.

உச்சிவெயில். கல்லறைத் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தாள். பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த கிட்டங்கி தீப்பிடித்து அதற்குள் வெந்து செத்தவராம் துரை. தாகம் அடங்காதாம். தினமும் வைப்பது அவள் வீட்டு வழக்கம், சாயங்காலம் செம்பு காலியாக இருக்குமாம். காக்காய் குடித்திருக்கும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"டீச்சர், பாத்துட்டுப் பேசாமக் கெளம்புங்க. வாங்கன்னு மட்டும் கூப்பிட்டுராதீக."

எனக்குத் தெரியாதா? துக்க வீட்டிலேயே 'வாங்க' சொல்ல மாட்டோமே. போனில் ஆஷ்லினுக்குக் கல்லறையைக் காட்டினேன். பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் குஷி தாங்கவில்லை.

"துரை, உங்க பேரன் இங்க காத்துக்கிட்டிருக்காரு. என்கூட வாங்க."

பாவி மகள்.

காற்றே இல்லை. பஞ்சு கருகும் நாற்றம் மட்டும் எங்களைக் கடந்து போனது.

மறுநாள் மத்தியானம் மனசு கேட்காமல் ஓடினேன். முந்தின நாள் வைத்த செம்பு தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"குடிக்கல டீச்சர்," ராமுத்தாய் கிசுகிசுத்தாள். "ஆளு இங்கன இல்ல."

எனக்கு இருப்பது ஒற்றைப் பிள்ளை. வாசலுக்கு ஓடி, பிடுங்கி வைத்திருந்த போனை வாங்கி வீடியோவில் கூப்பிட்டேன். அழுத கண்ணோடு வந்தாள். மக்லீன் ராத்திரி போய்விட்டாராம். கடைசிவரை தண்ணீர், தண்ணீர் என்றே கேட்டாராம்.

"என் ரூம்ல என்னமோ கருகுற வாடை அடிக்குதும்மா."

அவளுக்குப் பின்னால் மேஜைமேல் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது.

யாரும் தொடவில்லை.

தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏட்டி," என்றேன், குரலை உயர்த்தாமல். "அந்தத் தம்ளரை நிரப்பு. ஏன்னு கேக்காத."

நிரப்பினாள்.

மறுபடியும் இறங்கியது.