பேரூர் போகும் சுவர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு, பிறகு வீட்டுக்கிடங்கை ஒழித்துவைப்பது. கோவையில் எல்லா வீட்டிலும் அதுதான் நடைமுறை. பரணில் இருக்கும் சர்வர்தான் கிடங்கு. பழையதை எடுத்தால்தான் புதியது ஏறும். மகள் யாழினிக்கு அன்று சிங்கப்பூரில் நீச்சல் இறுதிப்போட்டி. நேரலைக்கு இடம் வேண்டும். மரகதமணி சற்றும் யோசிக்காமல் கணவர் தங்கமுத்துவின் பஸ் காணொளிகளில் கை வைத்தாள்.

இளவயதில் அவருக்கு அப்படியொரு கிறுக்கு. டவுன் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, காந்திபுரத்திலிருந்து பேரூர் வரை படம்பிடித்துக்கொண்டே போவார். கதை கிடையாது, பாட்டு கிடையாது. கடைகள் போகும், கண்டக்டர் விசில் அடிப்பார், அவ்வளவுதான்.

"அழிச்சுப்போடட்டுங்களா?"

"உன்ற இஷ்டம் அம்மிணி," என்று அவர் துணி மடிக்கப் போய்விட்டார்.

அழித்தாள். கூடத்தில் படம் ஓடும் காட்சிச்சுவர் ஒரு பஸ் காட்சியோடு அப்படியே உறைந்துபோனது. அணைத்துப் போட்டாள், ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். அது அசைந்து கொடுக்கவில்லை. போட்டிக்கு அரைமணிதான் இருந்தது. கடைசியில் பிழைக்குறிப்பைத் திறந்தாள்: 'கோப்பு பார்வையில் உள்ளது. இடம்: நிலா, நான்காம் சுரங்கம்.'

ஒற்றைப்படிச் சட்டம் வந்தபிறகு எந்தக் காணொளிக்கும் இரண்டாம் படி கிடையாது. யார் வீட்டில் இருக்கிறதோ அங்கிருந்துதான் உலகம் முழுவதும் இழுத்துப் பார்க்கவேண்டும். அந்த வீட்டில் அழிந்தால் உலகத்திலேயே அழிந்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும், உரிமையாளர் 'வெட்டு' என்று இன்னொரு முறை சொல்லும்வரை சர்வர் தயங்கி நிற்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நிலாவை அழைத்தாள். சற்றுத் தாமதித்துக் குரல் வந்தது.

"அக்கா, நான் பீர்முகமது, இங்க சமையல்காரன். எங்களுக்குச் சன்னலே கிடையாதுக்கா. ஷிப்ட் முடிஞ்சா நாற்காலியெல்லாம் பஸ் மாதிரி போட்டு உங்க படத்தை ஓடவிட்டுருவோம். நான்தான் கண்டக்டர், டிக்கெட்டெல்லாம் கிழிப்பேன். இப்ப செல்வபுரத்துல நின்னுபோச்சு. பிரேக்டவுன்னு சொல்லி வச்சிருக்கேன். எழுபது பேர், ஒருத்தரும் இறங்கல."

மரகதமணி திரும்பிப் பார்த்தாள். பாதி மடித்த வேட்டியோடு தங்கமுத்து வாசற்படியில் நின்றிருந்தார்.

"என்ற பஸ்ஸா?" என்றார்.

இத்தனை வருடம் அவள் கேலி செய்த மனிதர். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, கூடவே வெட்கமாகவும் இருந்தது. வேறு எதை அழிக்கலாம் என்று தேட இனி நேரமில்லை. இங்கே இடமில்லையென்றால் நேரலையின் ஒரே படி, அதைக் கேட்டு அடுத்துப் பெயர் பதிந்தவருக்குப் போய்விடும். அடுத்துப் பதிந்திருந்தது பக்கத்து வீட்டு அமுதவல்லி. பெற்ற மகளின் போட்டியைப் பார்க்க ஆயுசுக்கும் அந்த அம்மாவின் தயவு வேண்டியிருக்கும்.

அழிப்பை ரத்து செய்தாள். சுவரில் பஸ் நகர்ந்தது. நிலாவிலிருந்து எழுபது பேரின் ஆரவாரம் கேட்டது.

"வாங்க, அமுதவல்லி வீட்டுக்குப் போலாம். ஆரம்பிச்சுரும்," என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

யாழினிக்கு மூன்றாம் இடம். இரவு அழைத்தபோது குரலில் வருத்தம் இருந்தது.

"என் படம் நம்ம வீட்டுல இல்லையாமே, அம்மா?"

"இல்ல கண்ணு. உங்கப்பா பஸ்ல எழுபது பேர் உட்கார்ந்திருந்தாங்க. நடுவழியில எப்படி இறக்கிவிடறது, சொல்லு?"